பூட்டுக்கு மேலே ஒரு கண்

திண்டுக்கல் என்று சொன்னவுடன் பூட்டு நினைவுக்கு வராதவர் தமிழ்நாட்டில் குறைவு. மாங்காய் வடிவப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு என்று கைவேலையாலேயே பெயர் வாங்கிய ஊர் அது. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று அந்த ஊரின் எந்தக் கடைவீதியிலாவது நடந்து பாருங்கள். ஷட்டரின் அடியில் பூட்டு தொங்கும். கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால், திருஷ்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் இன்னொரு காவல் பொருள் தெரியும். அதுதான் கண்காணிப்புக் கேமரா.

இரண்டும் காவலுக்கு வைத்தவைதாம். ஆனால் வேலை வேறு. பூட்டு வருகிறவனைத் தடுக்கிறது. வந்தவன் யார் என்பது அதற்குத் தெரியாது. கேமரா யாரையும் தடுப்பதில்லை. வந்தவரை நினைவில் வைத்துக்கொள்கிறது. திருடனை மட்டுமா? பால் வாங்க வந்த பாட்டியை, பேருந்தைப் பிடிக்க ஓடிய உங்களை, உங்களோடு பேசிக்கொண்டு வந்த நண்பரை, எல்லோரையுமே நினைவில் வைக்கிறது. ஆகவே, பூட்டைப் பற்றி 'எவ்வளவு உறுதி?' என்று கேட்டால் போதும். கேமராவைப் பற்றி அப்படிக் கேட்டால் போதாது. அது எதைப் பார்க்கிறது, எத்தனை நாள் நினைவில் வைக்கிறது, அந்த நினைவு யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சி.சி.டி.வி. என்பதற்கு 'மூடிய சுற்றுத் தொலைக்காட்சி' என்று பொருள். மூடிய சுற்று என்றால் என்ன? ஒரு காலத்தில் கொடைக்கானல் மலைமீது நின்ற தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்து வந்த படத்தை, சமவெளியில் வீட்டுக் கூரைமேல் ஆன்டெனா கட்டிய எவரும் பார்க்க முடிந்தது. அது எல்லோருக்கும் திறந்த ஒளிபரப்பு. அப்படியல்லாமல், ஒரு கேமராவின் படம் கம்பி வழியாகக் குறிப்பிட்ட ஒரு திரைக்கு மட்டும் போனால் அது மூடிய சுற்று. 1942-இல் ஜெர்மனியின் பீனமுண்டே என்ற இடத்தில், வி-2 ராக்கெட் கிளம்புவதைப் பாதுகாப்பான தூரத்தில் இருந்து பார்ப்பதற்காக வால்டர் புரூக் என்ற பொறியாளர் இத்தகைய அமைப்பை உருவாக்கினார். வீட்டுக் காவலுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஒரு செவிலியர். நியூயார்க்கில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன், இரவில் கதவைத் தட்டுவது யார் என்று உள்ளிருந்தே பார்க்கும் அமைப்பைத் தம் கணவரோடு சேர்ந்து வடிவமைத்து, 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் காலத்துக் கேமராவுக்குப் பார்க்கத்தான் தெரியும். நினைவு பின்னால் வந்து சேர்ந்தது.

கேமரா எப்படிப் பார்க்கிறது?

கேமராவின் லென்சுக்குப் பின்னால், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் தகடு ஒன்று இருக்கிறது. மொட்டை மாடியில் நெருக்கமாகக் கிண்ணங்களை அடுக்கி வைத்து, மழைநீர் பிடிப்பதாகக் கற்பனை செய்யுங்கள். எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று அளந்தால், எங்கே பலத்த மழை, எங்கே தூறல் என்று சொல்லிவிடலாம். சிலிக்கான் தகட்டிலும் இதே கதைதான். இங்கே மழை என்பது ஒளி. ஒளித்துகள் ஒன்று சிலிக்கானில் விழுந்தால் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கிறது. ஒவ்வொரு கிண்ணத்திலும் சேர்ந்த எலெக்ட்ரான்களை அளந்து எண்ணாக மாற்றினால் படம் கிடைக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் சிமித்தும் இத்தகைய தகட்டின் முன்னோடியை உருவாக்கினார்கள். அதற்காக 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இன்றைய கேமராக்களில் இருப்பது அதற்குப் பின் வந்த வேறொரு வகைத் தகடு. ஒரு கிண்ணத்தின் அகலம் சுமார் மூன்று மைக்ரோ மீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே இருபதுக்கு மேற்பட்ட கிண்ணங்களை அடுக்கலாம்! இந்தக் கிண்ணத்தைத்தான் படப்புள்ளி என்கிறோம்.

இருட்டில் எப்படிப் பார்க்கிறது? நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, அலைநீளம் ஏறக்குறைய 700 நானோ மீட்டரோடு முடிந்துவிடுகிறது. சிலிக்கானோ 1,100 நானோ மீட்டர் வரை உணரும். எனவே கேமராவைச் சுற்றிலும் 850 நானோ மீட்டர் அளவில் அகச்சிவப்பு ஒளி வீசும் சிறு விளக்குகளைப் பொருத்திவிடுகிறார்கள். நமக்குத் தெரு இருட்டாக இருக்கும். கேமராவுக்கு அங்கே விளக்கு எரிகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தொலைக்காட்சி ரிமோட்டின் நுனியைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேரே பிடித்து, ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைப்பேசித் திரையில் ஒரு புள்ளி மின்னும். (சில கைப்பேசிகளின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும், அப்போது முன்பக்கக் கேமராவில் முயன்று பாருங்கள்.)

இரவுப் படம் ஏன் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை உள்ளது. கிண்ணங்களின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறக் கண்ணாடிகள் போட்டிருக்கிறார்கள். அகச்சிவப்பு ஒளி மூன்றையும் ஏறத்தாழ ஒரே அளவில் ஊடுருவிவிடுவதால் நிற வேறுபாடு தெரிவதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு, வினையும் உண்டு. பல கறுப்புச் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியை நன்றாகப் பிரதிபலிக்கும். பகலில் கறுப்பாக இருக்கும் சட்டை, இரவுப் பதிவில் வெளுத்துத் தெரியலாம். 'வெள்ளைச் சட்டை போட்டவன்தான் வந்தான், கேமராவிலேயே தெரிகிறது' என்று யாராவது அடித்துச் சொன்னால், பதிவு பகலில் ஆனதா இரவில் ஆனதா என்று கேளுங்கள்.

திரைப்படங்களில் இன்னொரு காட்சி வரும். துப்பறிபவர் மங்கலான படத்தைக் காட்டி, 'பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு' என்பார். தூரத்தில் நின்றவரின் முகம் பளிச்சென்று வந்துவிடும். இது நடக்காத காரியம். ஒரு புதிய ஆளை ஐயமின்றி அடையாளம் காண, படத்தில் மீட்டருக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும் என்பது பன்னாட்டுத் தரஅளவு. தெருவில் பொதுவாகக் காணப்படும் கேமராவின் படம் 1,920 புள்ளி அகலம் கொண்டது. 1,920-ஐ 250-ஆல் வகுத்தால் சுமார் 7.7 மீட்டர். அதாவது கேமராவின் பார்வை அகலம் 7.7 மீட்டரைத் தாண்டும் இடத்தில் அடையாளம் உறுதியில்லாததாகிவிடுகிறது. 90 பாகை விரிந்து பார்க்கும் கேமராவில் பார்வை அகலம் தூரத்தைப்போல் இரு மடங்கு. (ஏன் என்று முக்கோணம் வரைந்து பாருங்கள்.) ஆக, அந்தக் கேமரா முகத்தை உறுதியாகச் சொல்வது நான்கு மீட்டருக்குள்தான்! அதற்கப்பால் ஆள் வந்தது தெரியும், யார் என்பது தெரியாது. பதியாத புள்ளியை எந்தக் கணிப்பொறியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் அந்த இடத்தை ஒரு முகத்தால் நிரப்பிக் காட்டும். ஆனால் அது ஊகம், சாட்சியம் அன்று.

எத்தனை நாள் நினைவு?

இப்போது காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 1,920-ஐ 1,080-ஆல் பெருக்கினால் ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு பைட். ஆக ஒரு படத்துக்கு 62 இலட்சம் பைட்டுக்கு மேல். விநாடிக்கு 25 படம். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கிப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு 13 டெராபைட்டுக்கு மேல் வருகிறது. ஒரு டெராபைட் என்பது இலட்சம் கோடி பைட். ஒரு மளிகைக் கடைக்காரர் இதற்காகத் தினமும் பதின்மூன்று ஹார்டு டிஸ்க் வாங்க முடியுமா?

இங்கேதான் பொறியாளர்களின் சாமர்த்தியம். கடைக்கு முன்னால் உள்ள சுவர் அசைவதில்லை. அதை விநாடிக்கு 25 முறை எழுதி வைப்பானேன்? முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதினால் போதுமே. இத்தகைய சுருக்கும் முறைகளால் விநாடிக்கு இரண்டு மெகாபிட், அதாவது கால் மெகாபைட் அளவிலேயே ஓரளவு நல்ல படத்தைச் சேமித்துவிடலாம். இப்போது கணக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் ஆகக் குறைகிறது. ஒரு டெராபைட் டிஸ்கில் ஒரு கேமராவின் 46 நாள் பதிவு அடங்கும். நான்கு கேமராக்கள் என்றால் 11 நாள். டிஸ்க் நிரம்பியதும், பெட்டி மிகப் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதை எழுதத் தொடங்கும். பதினைந்து நாள் கழித்துக் கடைக்காரரிடம் போய், 'அன்றைக்கு என் சைக்கிள் காணாமல் போனதே, பார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி' என்றால் அவர் கையை விரிப்பது இதனால்தான். அவர் மறைக்கவில்லை, பெட்டி மறந்துவிட்டது.

ஆனால் மறதியையும் மனிதர்தாம் தீர்மானிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், காவல்துறையினர் அழைத்துச் சென்ற ஒரு தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் காவல் நிலையத்துக் கேமராப் பதிவைக் கேட்டார். பெட்டியில் ஒரு டெராபைட் டிஸ்க் இருந்தது. நாம் போட்ட கணக்கின்படி அது எத்தனை நாளைத் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி பெட்டியில் அமைத்து வைத்திருந்ததாக அவருடைய அறிக்கை கூறியது. அதே வழக்கில், கடைத்தெருவில் இருந்த ஒரு தனியார் கேமராவின் பதிவு, முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்த கதையோடு ஒத்துப்போகவில்லை என்பதும் வெளிப்பட்டது. ஒரு கேமரா மறக்க வைக்கப்பட்டது. இன்னொன்று நினைவு வைத்திருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. வாயில், சிறையறை, நடைவழி என்று எங்கெங்கே வேண்டும் என்பதையும், இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிய வேண்டும் என்பதையும் கூறியது. முக்கியமாக, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. 18 மாதத்துக்கு ஒரு கேமராவுக்கு எத்தனை டெராபைட்? 540 நாள், நாளுக்கு 21.6 ஜிகாபைட், ஏறக்குறைய 11.7 டெராபைட். பத்துக் கேமரா உள்ள நிலையத்துக்கு 117 டெராபைட். நீதிமன்றத்தின் ஒரு வரி எத்தனை டிஸ்க்குகளாக மாற வேண்டியிருக்கிறது பாருங்கள்!

இவ்வளவும் செய்து, கேமரா குற்றத்தைக் குறைக்கிறதா? பிராண்டன் வெல்ஷ் என்பவரும் சக ஆய்வாளர்களும் நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் விடை சொன்னார்கள். கேமரா வைத்த இடங்களில் குற்றம் மொத்தத்தில் 13 விழுக்காடு குறைந்தது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் அதிகம். அடிதடி போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆத்திரத்தில் இருப்பவன் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை போலும். நடந்த பிறகு துப்புத் துலக்க உதவுவது வேறு விஷயம். இடித்துவிட்டுப் போன லாரியையும், கூட்டத்தில் தவறிப்போன குழந்தையையும் தேட அது பெரிதும் பயன்படுகிறது.

முகம் எண்ணாகும்போது

இதுவரை சொன்ன கேமராவுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. உங்களைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பதிவைப் பார்த்தால்தான் பெயர் தெரியும். இப்போது அந்த வேலையையும் கணிப்பொறி எடுத்துக்கொள்கிறது. மென்பொருள் ஒரு முகத்தைப் பார்த்து, அதன் அமைப்பை நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றுகிறது. அந்த வரிசை, சேமிப்பில் உள்ள வேறொரு வரிசைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் 'அதே ஆள்' என்கிறது. அந்த எல்லையை வைப்பவர் மனிதர். எல்லையை இறுக்கினால் தேடப்படும் ஆள் தப்புவார். தளர்த்தினால் தொடர்பில்லாதவர் மாட்டுவார்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு பேருந்து நிலையத்தில் ஒரு நாளில் 20,000 பேர் கேமராவைக் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் ஆயிரத்துக்கு ஒரு முறைதான் தவறாக மணியடிக்கும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் அன்று இருபது அப்பாவிகளைச் சுட்டிக் காட்டும். தேடப்படும் ஆள் அன்று அங்கே வந்தது ஒருவரே என்றால், மணியடித்த இருபத்தொரு முறையில் இருபது முறை தவறு! 'ஆயிரத்தில் ஒரு தவறு' என்பதும் 'இருபத்தொன்றில் இருபது தவறு' என்பதும் ஒரே கருவியைப் பற்றிய உண்மைகள்தாம்.

தவறும் எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை 2018-இல் சோதித்தார்கள். வெளிர்நிறத் தோல் கொண்ட ஆண்களில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறத் தோல் கொண்ட பெண்களில் அது 34.7 விழுக்காடு வரை போயிற்று. இதற்கு ஒரு காரணம், மென்பொருளைப் பழக்கப் பயன்படுத்திய படங்களில் வெளிர்நிற முகங்களே மிகுந்திருந்ததுதான். அதன் பிறகு மென்பொருள்கள் திருந்தியிருக்கின்றன. ஆனாலும் நம் ஊர் முகங்களின் மீது சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்காமல் எந்த மென்பொருளையும் நம் ஊருக்கு வாங்குவது புத்திசாலித்தனம் அன்று.

தமிழ்நாடு காவல்துறை 2021-இல் முக அடையாள மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம், அதன் தளத்துக்குள் வெளியார் நுழைந்துவிட்ட செய்தி வெளிவந்தது. பூட்டுக்காரர்கள் மொழியில் சொன்னால், பூட்டை உடைக்கவில்லை, சாவி கைமாறியிருந்தது. ஒருவருடைய கடவுச்சொல்லே போதுமானதாக இருந்தது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எப்படி மாற்றுவது?

உடம்பின் அடையாளத்தைப் பதிவு செய்து மக்களைக் கண்காணிப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். திண்டுக்கல்லுக்குத் தெற்கே, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் 'ரேகைச் சட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கில அரசு 1871-இல் கொண்டுவந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் அது. குற்றம் செய்தாரா என்ற கேள்வியே இல்லை. அந்தச் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காகவே விரல் ரேகையைப் பதிய வேண்டும்; இரவில் காவலர் கண்ணெதிரே போய்ப் படுக்க வேண்டும்; வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

அன்று ரேகை எடுக்க ஆளை வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது. அவருக்குத் தெரியும், தம்மிடமிருந்து என்ன எடுக்கிறார்கள் என்று. அதனால் மறுக்கவும் முடிந்தது. கம்பத்தின் மேலுள்ள கேமராவுக்கு வரிசை தேவையில்லை. நீங்கள் நடந்து போனாலே போதும்.

2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் அதற்கொரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. 2023-இல் தனிநபர்த் தரவுகளைப் பாதுகாக்கச் சட்டமும் இயற்றப்பட்டது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க அதில் தாராளமாகவே இடம் இருக்கிறது என்பது என் கருத்து. வீட்டுக்குள்ளும் இந்தக் கேள்வி நுழைந்துவிட்டது. ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் சகோதரர்களில் ஒருவர், மற்றவரின் சம்மதமில்லாமல் அவர் வாழும் பகுதியில் கேமராவை இயக்கக் கூடாது என்று 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

உங்கள் வீட்டிலேயே கேமரா இருக்கலாம். அது எங்கே பார்க்கிறது என்று ஒருமுறை திரையில் பாருங்கள். உங்கள் வாசலோடு நிற்கிறதா, எதிர்வீட்டு அத்தை துணி உலர்த்தும் இடம் வரை போகிறதா? போனால், அப்பாவிடம் சொல்லிச் சற்றுக் கீழே திருப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் திருகு ஒன்றைத் தளர்த்தினால் போதும். கடையில் வாங்கியபோது போட்டிருந்த கடவுச்சொல்லே இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2016-இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், அப்படி மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அவற்றில் கண்காணிப்புக் கேமராக்கள் ஏராளம். பெயரில்தான் மூடிய சுற்று. இணையத்தோடு இணைத்த அன்றே கதவு திறந்துவிட்டது.

கடைசியாக ஒரு கணக்கு. உங்கள் பள்ளியில் எட்டுக் கேமராக்களும் இரண்டு டெராபைட் டிஸ்க்கும் இருக்கின்றன. ஒவ்வொரு கேமராவும் நாம் மேலே கண்ட அளவிலேயே பதிவு செய்கிறது. இன்று நீங்கள் விளையாட்டு மைதானத்தில் விழுந்த காட்சி எத்தனை நாள் அந்தப் பெட்டியில் இருக்கும்? (விடை: சுமார் பதினொன்றரை நாள். அதற்குள் யாரும் கைப்பேசியில் படி எடுத்துக்கொள்ளாமல் இருந்தால்.)